சுஐபின் நடுச்சுவர் ஸ்பீக்கர்

என் கொழுந்தனார் சுஐபு சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போனவர். அங்கே ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை கற்றுக்கொண்டார். பர்மிட்டைப் புதுப்பிக்க முடியாமல் போகவே தேவிபட்டினத்துக்குத் திரும்பி வந்தார். அவர் 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணனான என் கணவர் சலாஹுதீன், வாப்பா விட்டுப்போன கயிற்றுக் கடையில் வந்து உட்காரச் சொன்னார். சுஐபு மாட்டேன் என்றார். பேச்சு வளர்ந்தது.

"செத்த ரேடியோவைக் கட்டிக்கிட்டு அழு" என்றார் இவர்.

"அப்ப நடுவுல ஒரு சுவரை வச்சிருவோம்" என்றார் அவர்.

கூடம் இரண்டானது, வாசலும் இரண்டானது. கொல்லைக் கிணறு மட்டும் பொது. அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பேசவில்லை. பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்றாலும், நடுவே வேறு யாராவது நிற்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

சுஐபு தனியாகவே இருந்தார். கரண்டில் ஓடும் ரேடியோவைத் திறந்தால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் போய்விடுமாம். கொல்லைப் பக்கம் உட்கார்ந்து வேலை செய்வதால், தண்ணீர் இறைக்கும்போது எனக்கு இதெல்லாம் கண்ணில் படும்.

எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த மறுவருடம், மூடிப்போன ஒரு டாக்கீஸிலிருந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தார். கல்யாண விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டு அகலம் இருந்தது. முன்னால் காகிதக் கூம்பு, பின்னால் அம்மிக் குழவி கனத்தில் காந்தம். தரையில் வைத்துப் பாட விட்டால் தகரத்தைத் தட்டுவது போலத்தான் கேட்டது. ஜன்னலில் பலகை கட்டிப் பொருத்திப் பார்த்தார். உப்புக்காற்றில் காகிதம் நமுத்தது, தெருவிலும் ஏச்சு விழுந்தது. பிறகு கடல்கல்லால் கட்டிய வெளிச்சுவரின் மாடத்தில் மரக்கட்டை அடித்து, திருகாணி முறுக்கி மாட்டினார். பாட்டின் அதிர்வில் சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு நாள் பகலில் காந்தத்தின் கனம் இழுக்க ஸ்பீக்கர் கீழே விழுந்தது. சத்தம் கேட்டு நான் கொல்லைக்கு ஓடினேன். கிழிந்த கூம்பை மடியில் வைத்து, கஞ்சி தடவி மல்துணி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மதினி, காக்காகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல். "நடுச்சுவத்துல ஒரு ஓட்டை போடணும்."

"ஓட்டையா?"

"முன்னால வர்ற சத்தமும் பின்னால வர்ற சத்தமும் ஒண்ணை ஒண்ணு தின்னுருது. ரெண்டுக்கும் நடுவுல சுவரு வேணும், சுவத்துக்கு அங்கிட்டும் கூடம் மாதிரி காலி இடம் வேணும். வெளிச்சுவரு கூரையைத் தாங்குது, அதை வெட்டப்படாது. நடுச்சுவரு எதையும் தாங்கல." ஒட்டிய துணியை விரலால் நீவினார். "ரெண்டு பக்கமும் பலகை வச்சு, போல்ட்டைக் குறுக்க விட்டு இறுக்குனா விழாது. நட்டு உங்க பக்கம்தான் வரும்."

இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"சுவரு வைக்கச் சொன்னதும் அவன். இப்ப ஓட்டையும் அவனுக்கே வேணுமாக்கும்?" என்றார். கை கழுவினார். வெற்றிலை போட்டார். நான் போகாமல் நின்றேன். "போட்டுத் தொலைக்கச் சொல்லு. என் பக்கம் ஒரு தூசி விழப்படாது."

மறுநாள் இவர் கடைக்குப் போனதும் வேலை தொடங்கியது. என் பக்கம் பழைய பாயைக் கட்டித் தொங்கவிட்டேன். மதியத்துக்குள் வட்டமாக வழி திறந்தது. நடுவில் வட்டம் வெட்டிய பனம்பலகை இரண்டு, பலகைக்கும் சுவருக்கும் இடையே சைக்கிள் ட்யூப் ரப்பர், மூலைக்கொரு போல்ட். அவர் அந்தப் பக்கம் முறுக்க, நான் இந்தப் பக்கம் ஸ்பானரால் நட்டைப் பிடிக்க வேண்டும். என் பிடி போதவில்லை. போல்ட்டோடு நட்டும் சேர்ந்து சுற்றியது.

மதிய லுஹர் தொழுதுவிட்டு இவர் வந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"தள்ளு" என்று ஸ்பானரை வாங்கிக்கொண்டார். "ம்" என்றார் ஓட்டையைப் பார்த்து.

அந்தப் பக்கம் முறுக்குவது நின்றது. பிறகு மெதுவாக, "ஒரே மூலையை இறுக்கப்படாது காக்கா. பலகை பிளந்துரும். இதுல கொஞ்சம், எதிர்மூலைல கொஞ்சம்" என்று சுஐபின் குரல் வந்தது.

"எனக்கும் தெரியும். முறுக்கு."

மூலை மாற்றி மூலையாக நட்டு ஏறியது.

"காக்கா, உங்க தாடி நரைச்சுப்போச்சு."

"ஓட்டை வழியா என் தாடியை என்னலே பார்க்குற? வேலையைப் பாரு."

சாயங்காலம் சுஐபு ஸ்பீக்கரை மாட்டினார். காந்தம் எங்கள் கூடத்துக்குள் துருத்திக்கொண்டு நின்றது. இலங்கை வானொலியில் பாட்டு வந்தபோது, மத்தளச் சத்தம் என் உள்ளங்காலில் ஏறியது. இரண்டு கூடத்திலும் ஒரே பாட்டு.

"குறைடா, காது கிழியுது!" என்று இவர் கத்தினார். பாட்டு குறைந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அவர் எங்கள் வாசலில் காலெடுத்து வைக்கவில்லை, இவரும் வாவென்று அழைக்கவில்லை. புதுப்பலகை காய்ந்து சுருங்கும், ஒரு மாதத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் இறுக்கிவிட வேண்டும் என்று சுஐபு சொல்லியிருந்தார். ஜும்ஆ முடிந்து வந்ததும் இவர் பலகையைத் தட்டுவார், அந்தப் பக்கத்திலிருந்தும் தட்டு வரும். இறுக்கிக்கொண்டே இரண்டு வார்த்தை பேசுவார்கள். கடையில் கயிறு விற்றதா, யார் ரேடியோ வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மாதம் முடிந்து பல மாதமாகியும் இது நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். இவர் ஸ்பானரை எடுத்து, அசையாமல் இருந்த நட்டை முதலில் இரண்டு சுற்றுத் தளர்த்தினார். பிறகு பலகையைத் தட்டி, "ஏலே சுஐபு, தளர்ந்து கிடக்கு, வா" என்றார்.