உப்புவெளி வாடியில் கடித்த ரேடியோ

கருவாட்டு நாற்றத்துக்குள் தூசி கருகுகிற மணம்... பழைய வால்வு ரேடியோ சூடாகத் தொடங்கினால் அப்படித்தான் மணக்கும்.

எழுபதுகளில் திருகோணமலை டவுனில் ஒரு ரேடியோக் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுச் சாமான் வராத காலம். வால்வு கிடைக்காது. பழைய பெட்டிகளின் பவர் சப்ளையைக் கழற்றி, டயோட் போட்டு 'மொடர்ன்' ஆக்குவதுதான் எங்கள் பிழைப்பு.

ஒருநாள் உப்புவெளிச் சம்மாட்டி ஒருவர் ஆளனுப்பினார். படகும் வலையும் அவருடையவை. கடலில் இறங்குகிற உயிர்கள் மட்டும் மற்றவர்களுடையவை. வெள்ளைக்காரனின் நேவி ஏலத்தில் விட்டுப்போன ரேடியோ ஒன்று கரையில் மீன் வெட்டிக் காயவைக்கிற அவருடைய வாடியில் இருந்தது. காலநிலை அறிவித்தல் கேட்க அது ஒன்றுதான். இரைகிறதாம், வந்து பார்க்கட்டாம்.

போனால்... மீன் வெட்டிக்கொண்டிருந்த பிலோமினா அக்கா எழும்பி, காய்ந்த துடுப்புத் துண்டால் ரேடியோ சுவிட்சைத் தட்டுகிறார்.

"ஏன் அக்கா கட்டையால?"

"தொட்டா கடிக்கும் தம்பி. சில நாளைக்குக் கடிக்காது. இண்டைக்கு என்ன குணமோ."

வலை பொத்திக்கொண்டிருந்த கிழவர் சிரித்தார். "வெள்ளைக்காரன்ர பெட்டியெல்லே. கையைக் கழுவிப்போட்டு வா எண்டுது."

இரும்பு உடம்பில் டெஸ்டரை வைத்தேன். சிவப்பாக எரிந்தது. பெட்டியின் உடம்பிலேயே கரண்ட்.

திறந்து பார்த்தேன். மெயின்ஸ் கரண்டைப் பெட்டியிலிருந்து பிரித்து வைக்கிற பெரிய ட்ரான்ஸ்ஃபோமரைக் காணோம். யாரோ டயோட் வழியாகக் கரண்டை நேரே உள்ளே விட்டு, மற்ற வயரை இரும்பு உடம்பிலேயே ஒட்டியிருந்தான். பிளக்கும் இல்லை. இரண்டு வயரையும் சுவர் பிளக்கின் ஓட்டைகளில் செருகி, தென்னை ஈர்க்கால் இறுக்கியிருந்தார்கள். மாறிச் செருகுகிற நாளில் பெட்டி முழுக்கக் கரண்ட். அதுதான் அந்தக் 'குணம்'.

கீழே ஈரச் சீமெந்து. எல்லோரும் வெறுங்கால்.

சம்மாட்டி வந்தார்.

"ஐயா, இது ஆளைக் கொல்லும். ட்ரான்ஸ்ஃபோமர் எங்க?"

"எரிஞ்சு போச்சு. இப்ப புது மாதிரிச் செய்திருக்கு. உம்மை இரைச்சலுக்குத்தான் கூப்பிட்டனான் தம்பி."

ஈயம் உருக்க இன்னொரு சுவர் பிளக் வேண்டும் என்றேன். பின்னாலிருந்த தன் வீட்டுக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். ஹோலில் இசைத்தட்டும் போடுகிற பெரிய ரேடியோகிராம். அதன் பின்னால் பிளக் தேடிக் குனிந்தேன்...

அங்கே இருந்தது அந்த ட்ரான்ஸ்ஃபோமர். நேவியின் சாம்பல் பெயின்ட், அரசாங்கச் சொத்து என்கிற அம்புக்குறி எல்லாம் அப்படியே.

"எரிஞ்சது எண்டு சொன்னீங்கள்?"

"எரிஞ்சது இந்த வீட்டுப் பெட்டியின்ர. அதுதான் வாடியில இருந்ததைக் கொண்டுவந்து இதுக்குப் போட்டது. வீட்டில பிள்ளையள் தொடும்தானே."

முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

கொதித்துக்கொண்டு வாடிக்கு வந்து எல்லார் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். பிலோமினா அக்கா கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஓம் தம்பி, தெரியும். நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போய்க் குடுத்தனாங்கள். அங்க சின்னப் பிள்ளையள் எல்லே."

அக்காவின் சின்னவள் அந்த ரேடியோ மேசைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தாள்.

வயர்களைப் பிடுங்கினேன். அக்கா பாய்ந்து வந்தார்.

"பிடுங்காதையும் தம்பி. என்ர மனுசன் கடலில. பின்னேரம் ரேடியோவில காத்தைப் பற்றிச் சொல்லுவான், அது கேக்காமல் இருக்க ஏலாது."

பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளை மிதித்துக் கடைக்குப் போனேன். கழித்துப் போட்ட பெட்டி ஒன்றிலிருந்து ட்ரான்ஸ்ஃபோமரைக் கழற்றினேன். முதலாளியிடம் கேட்கவில்லை. பின்னேர அறிவித்தலுக்கு முன் வாடி ரேடியோவில் அதைப் பூட்டி முடித்தேன். கடலில் பலத்த காற்று இல்லை என்றான் ரேடியோக்காரன். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கடைசிவரை நின்று கேட்டார்.

இப்போது என் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது. கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் விழுந்து வீட்டை இருட்டாக்கிவிடும். டிவி நின்றுவிட்டது என்று பிள்ளைகள் எரிச்சல்படுவார்கள்...

நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு எழும்புவேன். விழுவதற்கு முன் அந்தச் சுவிட்ச், தொட்டது யாருடைய பிள்ளை என்று கேட்பதில்லை.