டா என்றால் ஓம்

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அந்த ருமேனியக்காரரைக் கோச்சாகக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். அவரால் என்ன பிழை வந்தாலும் என் தலையில்தான் விழும் என்று முதல் நாளே தெரியும். மனைவியும் கேட்டாள்: "உங்களுக்கு இருக்கிற யோசினை காணாதோ?" காணாது போலத்தான்.

டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் நான் மரக்கறி வெட்டுகிறேன். அவர் பக்கத்துத் தொட்டியில் சட்டி கழுவுகிறார். ஐம்பது தாண்டியவர், ஒரு கால் கொஞ்சம் இழுபடும். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை, இங்கிலிஷ் அதைவிட மோசம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவரும் சின்ன வயதிலேயே ஒரு தொழிற்சாலைக் குழுவுக்கு விளையாடப் போய்விட்டவர். இப்படிப்பட்ட இரண்டு பேர் சந்தித்தால் வாயைவிடக் கைதான் அதிகம் கதைக்கும். ஒரு நாள் கரட்டுகளை வரிசையாக அடுக்கி, எதிரணியின் பின்வரிசையை எப்படி உடைப்பது என்று காட்டினார். கோல் காக்கிற கோலிக்கு ஒரு உருளைக்கிழங்கு. பெரிய சமையல்காரர் வந்து இரண்டு பேரையும் ஏசிவிட்டு, கோலியைத் தூக்கிச் சூப்புக்குள் போட்டார்.

அவருடைய ஊரில் ஒரு இரும்புத் தொழிற்சாலை இருந்ததாம். அதன் குழுவில் விளையாடுகிறவர்களுக்குத் தொழிற்சாலையில் பெயருக்கு ஒரு வேலையும் சம்பளமும். இரண்டாம் பிரிவில் ஆட்டம், நடுக்களத்தில் இவர். தலைநகரத்திலிருந்து இவரைப் பார்க்க ஆள் வரப்போகிறது என்றும் ஒரு காலம் கதை இருந்ததாம். ஆள் வரவில்லை. முழங்கால் போனபிறகு சின்னக் குழுக்களுக்குக் கோச்சாக இருந்தார். ஒன்றில் தோற்றதற்காக நிறுத்தினார்கள். மற்றதில் வென்றுகொண்டிருக்கும்போதே கழகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். தோற்றாலும் வீடு, வென்றாலும் வீடு என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மொன்றியலில் ஒரு பெரிய கழகத்தில் பிள்ளைகளைப் பழக்கும் வேலைக்குக் கேட்டிருந்தார். இந்த ஊரில் ஏதாவது ஒரு குழுவை ஒரு சீசன் முழுக்க நடத்திக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இதைச் சொல்லும்போதும் அவர் சட்டி உரஞ்சுவதை நிறுத்தவில்லை. நான்தான் கத்தியை வைத்துவிட்டு நின்றேன். எங்களிடம் குழு இருந்தது, கோச் இல்லை.

கோட்-டெ-நெய்ஜ் பக்கத்துப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடும் எங்கள் ஆட்கள், கிழமை முழுக்க ஆஸ்பத்திரியிலும் டாக்சியிலும் முறிந்துவிட்டு வருகிறவர்கள். கோச் முதல் இரண்டு ஞாயிறும் பந்தைக் கண்ணில் காட்டவில்லை. ஓட்டம் மட்டும்தான்.

"அண்ணை, இந்தாள் எங்களை ஆமிக்கு அனுப்பப் போறாரோ?" என்று ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். ஆனால் அந்தக் கோடையின் முதல் ஆட்டங்களில் நாங்கள் வழக்கத்தைவிடக் குறைவாகத் தோற்றோம்.

பிறகுதான் தலைவர் மைதானத்துக்கு வந்தார். கழகத்தைத் தொடங்கியவர், தூரத்தில் பியர்பொன்ட்ஸில் வீடு, வயது அறுபதுக்கு மேல். அவர் வந்தால் புல்லில் இருப்பவர்கள் எழும்பிவிடுவார்கள். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எங்கள் குழுவில் இருந்தான். ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரன். தலைவர் கோச்சிடம் இங்கிலிஷில், அடுத்த ஆட்டத்தில் மச்சானை முன்வரிசையில் விடவேண்டும் என்றார்.

கோச் பணிவாகத் தலையாட்டினார். "டா, டா."

ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். தலைவரின் முகம் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அவருடைய சப்பாத்தைத்தான் பார்க்க முடிந்தது. அவர்களுடைய பாஷையில் அது ஓம், அதாவது ஆமாம் என்று குசினியில் பழகிய எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் கார் போய்விட்டது.

அடுத்த ஆட்டத்தில் மச்சான் கடைசிவரை களத்துக்கு வெளியே வாங்கில்தான் இருந்தான். பின்னேரமே தலைவரின் போன் வந்தது.

"அண்டைக்கு பெடியளுக்கு முன்னாலை என்னை டா போட்டவன். இண்டைக்கு என்ரை மச்சானை இருத்தி வைச்சவன். வாற சனிக்கிழமை என்ரை வீட்டை கூட்டம். அவனை நிப்பாட்டுறம். நீயும் வா, கொண்டு வந்தது நீதானே."

அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதிச் சீசனில் நிறுத்தினால் பெரிய கழகத்து வேலை போச்சு. அவருக்காகக் கதைத்தால் தலைவரின் பகை. தலைவர் தன் மகளின் கலியாணத்துக்கு எனக்குச் சொல்லாமல் விடுவார். சொன்னாலும் பியர்பொன்ட்ஸுக்குப் பஸ்ஸில் போய்ச் சேருவது எப்படி என்றும் யோசித்தேன்.

குசினியில் கோச்சிடம் விசயத்தைச் சொன்னேன். எங்கள் பாஷையில் டா என்றால் வயதில் குறைந்தவனைக் கூப்பிடுவது, பெரியவருக்குச் சொன்னால் அடி விழும் என்று கையால் நடித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, பிறகு நிறுத்தினார்.

"நீங்கள் எல்லோரும் என்னிடம் ஓம், ஓம் என்கிறீர்கள்," என்றார். "எங்கள் பாஷையில் ஓம் என்றால் மனுசன். ஓடு என்று சொல்கிறேன், மனுசன் என்கிறார்கள். பந்தைக் கொடு என்கிறேன், மனுசன் என்கிறார்கள். ஏதோ மரியாதையாக்கும் என்று நினைத்தேன்."

பிறகு கேட்டார்: "நிறுத்திவிடுவார்களா?" எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை.

சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைவர் வீட்டுப் பேஸ்மென்டில் கழகத்து ஆட்கள் கதிரை போட்டு இருந்தார்கள். நான் எழும்பி, டா என்றால் ஓம் என்று சொன்னேன். இரண்டொருவர் சிரித்தார்கள். சரி, விசயம் முடிந்தது என்று நினைத்தேன்.

தலைவர் சிரிக்கவில்லை. "அப்ப ஓம் எண்டு சொன்னவன் பேந்து ஏன் மச்சானை இறக்கேல்லை? மரியாதை தெரியாதவன் எண்டு நினைச்சன். இப்ப பாத்தா பொய்யன்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. இத்தனை யோசித்தும் இது ஒன்று தப்பிவிட்டது. என்னுடைய உடைந்த பிரெஞ்சில் கோச்சுக்குச் சொன்னேன். அவர் எழும்பி மெல்ல மெல்லச் சொல்ல, நான் தமிழாக்கினேன்.

தொழிற்சாலை மனேஜர் வந்து இன்னாரை விளையாட விடு என்பாராம். இவருடைய அந்தக்காலக் கோச் டா என்பாராம், கேட்டுவிட்டேன் என்ற அர்த்தத்தில். பிறகு தனக்குச் சரியென்று பட்டதைச் செய்வாராம். ஒரே ஒரு நாள் மனேஜர் சொன்னபடியே செய்தாராம். அன்று விளையாட விட்டது இவரை. முழங்கால் வீங்கியிருந்தது, ஆனால் இவருக்கும் ஆசைதான். அதுதான் இவருடைய கடைசி ஆட்டம்.

கோச் மச்சானைக் காட்டினார். "இவர் இப்போது இந்தப் படியில் எப்படி இறங்கினார்? பக்கவாட்டில், ஒவ்வொரு காலாக."

மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓம் அத்தான். ரெண்டு மாசமா வீங்கிக் கிடக்கு. அக்காவுக்குத் தெரியும்."

தேத்தண்ணித் தட்டோடு நின்ற தலைவரின் மனைவி அப்படியே திரும்பி மேலே ஏறிவிட்டார்.

தலைவர் மச்சானின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

கோச் என் கையைப் பிடித்தார். முகம் மலர்ந்திருந்தது. "டா? டா என்று சொன்னாரா?"

"என்னவாம்?" என்றார் தலைவர்.

நான் சொன்னேன், நீங்கள் ஓம் என்றுவிட்டதாக நினைக்கிறார் என்று. தலைவரின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாரா கோபமா என்று முதலில் விளங்கவில்லை.

"அப்பிடியே நினைக்கட்டும்," என்றார். "சீசன் முடியட்டும். நீ மச்சான், திங்கட்கிழமை டொக்டரிட்டைப் போ."

சீசன் முடிந்தது. கிண்ணம் ஒன்றும் வரவில்லை, நடுவில் எங்கோ நின்றோம். இலையுதிர் காலத்தில் பெரிய கழகம் கோச்சைக் கூப்பிட்டது. சனிக்கிழமைகளில் மட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு. மற்ற நாட்களில் இன்னும் என் பக்கத்துத் தொட்டிதான்.

அவருக்குக் கழகத்து நிறத்தில் ஒரு ஜாக்கெட் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார். எண்ணெய்ப் புகை படக்கூடாது என்று எங்கள் உடுப்புகளோடு வைக்காமல், பின்வாசல் பக்கத்து ஆணியில் தனியாகக் கொழுவுகிறார். அந்தக் கதவு எப்போதும் திறந்து மூடிக்கொண்டிருக்கும், யார் யாரோ சாமான் கொண்டு வருவார்கள். நான் வெங்காயம் வெட்டியபடி அந்த ஆணியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.