பிளக்கை முதல்ல பிடுங்கு

மூக்கை ஒட்டவைத்து இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் அடைக்கலம் எந்த மெஷினையும் மேசையில் ஏற்றுவார். கருகல் அடித்தால் உள்ளே மோட்டாரின் கம்பிச் சுருள், காயில், வெந்துவிட்டது என்று அர்த்தம். மரத்தூள் மட்டும் மணந்தால் பிழைக்கும். "நேத்து தேக்கு இழைச்சிருக்க. அதுக்கு முன்ன வேம்பு" என்று வந்த ஆளிடம் ஜோசியம்போலச் சொல்வார். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம், இவரிடம் யார் மறுத்துப் பேசுவது என்று வந்தவன் தலையாட்டிவிடுவான்.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், வெங்காயச் சருகு பறக்கிற சந்தில் ஒரு ஷட்டர் அகலம்தான் அவர் ரிப்பேர் கடை. டிரில்லிங் மெஷின், கட்டர், ரௌட்டர் என்று தச்சர் கையில் ஓடுவதெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து படுக்கும். அடைக்கலத்துக்கு ஐம்பத்தாறு வயது. டீயில் சர்க்கரையை ஸ்க்ரூடிரைவரால் கலக்குவார், முதுகு அரித்தாலும் அதேதான். நன்றி சொன்னால் பிடிக்காது. "கெளம்பு, காத்து வரட்டும்" என்பார்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அவருக்குச் சாமி வந்துவிடும். 'டைரக்ட்.' மெஷினில் சுவிட்ச் கெட்டுப்போனால் புதுசு போடாமல், அதற்குப் போகிற இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்துவிடுவது. அப்புறம் மெஷின் சுவிட்ச் வெறும் பொம்மை. சுவர் போர்டில் கரண்ட் இருந்தால் மெஷின் ஓடும், அவ்வளவுதான். மரத்தில் பூ வேலை குடைகிற ரௌட்டர் நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுற்று சுற்றுகிற சாதனம். அதில் டைரக்ட் போட்டவனை ஜெயிலில் போடவேண்டும் என்பது அவர் கட்சி.

போன செவ்வாய்க்கிழமை நவநீதன் வந்தான். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீடு ஒன்றில் பூஜையறைக் கதவுக்குப் பூ வேலை செய்துகொண்டிருக்கிற தச்சன், நாற்பது வயது.

"அண்ணே, ரௌட்டர் ஆன் ஆகலண்ணே. ஒரு அசைவும் இல்ல."

அடைக்கலம் முகர்ந்தார். முதல் வேலையாக, நுனியில் மரத்தைக் குடைகிற கத்தியான பிட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். "பிட்டோட தூக்கியாந்திருக்க. இது என்ன பூங்கொத்தா?" மூடியைத் திருகி, மோட்டாருக்குக் கரண்ட் கடத்துகிற கார்பன் கட்டையை எடுத்துப் பார்த்தார். பாதி தேய்ந்திருந்தது, போதும். தூளை ஊதினார். மெஷினுக்குள் கரண்ட் ஓடினால் எரிகிற பல்பு மாட்டிய டெஸ்ட் போர்டில் பிளக்கைச் செருகி, வயர் மெஷினுக்குள் நுழைகிற கழுத்தைப் பிடித்து மெல்ல வளைத்தார்.

பல்பு எரிந்தது. விட்டார், அணைந்தது.

"வயர் உள்ள அத்துக்கிட்டு நிக்குது. அஞ்சு நிமிஷ வேல" என்றவர் மறுபடி வளைத்தார். மறுபடி எரிந்தது. அப்போதுதான் மெஷினின் சுவிட்சைப் பார்த்தார். அது ஆஃபில் கிடந்தது. இவர் அதைத் தொடவே இல்லை.

நாலு திருகாணியில் உடம்பு பிரிந்தது. உள்ளே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு.

"எந்தப் பரதேசி போட்டது இது? தச்சனுக்குக் கை போனா எதை வச்சுய்யா திம்பான்? அந்த நாய் மட்டும் என் கையில கெடச்சான்..."

எதிர்க்கடையில் உப்புத்தாளும் ஆணியும் விற்கிற சாரா பீவி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, மண்டி வரைக்கும் கேக்குது. திட்டு மெஷினுக்கா, மனுஷனுக்கா?"

"இதப் போட்டவனுக்கு!"

நவநீதன் வெங்காய மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடைக்கலம் டேப்பைக் கிழித்தார். அடியில் நூல் சுற்று. வார்னிஷில் ஊறி இறுகிய வெள்ளை நூல், மூன்று சுற்று, நுனி தீயில் பொசுக்கியிருந்தது. டேப் சூட்டில் இளகிவிடும், நூல் இளகாது என்று அப்படிச் சுற்றுகிற ஆள் இந்தத் திருச்சிக்கே ஒருவர்தான்.

டேப் அவர் விரலிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கியது. சாரா பீவி வாய்வரை வந்த கேலியை விழுங்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னண்ணே" என்றான் நவநீதன், ஏதோ தன் தப்பைச் சொல்கிற மாதிரி. "வைகுண்ட ஏகாதசி நேரம். சுவிட்சு வரலன்னீங்க. இப்போதைக்கு ஓட்டு, நாலு நாள் கழிச்சு வா, மாத்தித் தரேன்னீங்க. நல்லா ஓடுச்சேன்னு நானும் வரல."

"இவ்வளவு நேரம் வஞ்சேனே. வாயத் தொறக்க வேண்டியதுதானய்யா?"

"சங்கடப்படுவீங்கல்லண்ணே."

அடைக்கலம் யோசித்தார். இவன் வந்தது நினைவில்லை, முடிச்சுப் போட்டதும் நினைவில்லை. அந்த நூல் மட்டும் கண் முன்னால் இருந்தது. முடிச்சை வெட்டி எறிந்தார். டப்பாவிலிருந்து புது சுவிட்சை எடுத்து மாட்டினார். அற்ற இடத்தில் வயரை வெட்டிச் சேர்த்தார். பதினைந்து வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது.

"காலையில நின்னுபோச்சுன்னதும் என்ன பண்ண?" தலை நிமிராமல் கேட்டார்.

"பேரிங்கு இறுகிருச்சோன்னு பிட்ட வெரலால சுத்திப் பாத்தேண்ணே."

"பிளக்கு?"

"செருகித்தான் இருந்துச்சு. போர்டும் ஆன்லதான் கெடந்துச்சு. ஓடலையே, அப்புறம் என்னன்னு..."

வெளியே ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது, யாரோ "வரலாம் வரலாம்" என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வயர் ஒரு நூல் அகலம் அசைந்திருந்தால் போதும், விரல் வைத்திருந்த பிட் சுற்ற ஆரம்பித்திருக்கும்.

மெஷினை மூடி, சுவிட்சைப் பத்து முறை போட்டுப் போட்டு அணைத்தார். பத்து முறையும் சொன்ன பேச்சு கேட்டது. பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டினார். வாங்கிக்கொள்ள நவநீதன் வலது கையை நீட்டினான்.

அடைக்கலம் மெஷினைக் கொடுக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து டியூப் லைட்டுக்கு அடியில் இழுத்தார். உள்ளங்கையைப் புரட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். சுட்டுவிரலில் நின்று, நகத்தடியில் ஒட்டியிருந்த மரத்தூளை மெல்ல ஊதிவிட்டார்.