அளவுகோல் பிடிப்பவர்

சிட்னிக்கு வெகு மேற்கே, புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரையும் தாண்டி வடக்கே சில மணி நேரம் ஓடினால், கடவுள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு போனதுபோல ஒரு நிலம் வரும். சாம்பல் நிறக் களிப்பாறை, நொறுங்கிய அப்பளம்போல ஏடு ஏடாக உதிர்ந்து, மழை அறுத்த மொட்டை மேடுகளாகக் கிடக்கும். தரையில் உப்புப் பூத்திருக்கும். அந்த உப்பில் முழங்கால் உயரமும் எட்டாத சால்ட்புஷ், புளூபுஷ் செடிகள், ஒன்றையொன்று நம்பாதவைபோலத் தள்ளித் தள்ளி நிற்கும். இடையில் வெறும் மண். அங்கே போனவர்கள் எல்லோரும் சொல்வது, இங்கே ஒன்றும் இல்லையே என்பதுதான். அந்த ஒன்றும் இல்லாததை ஆண்டுதோறும் படம் எடுப்பது என் உத்தியோகத்தின் ஒரு பகுதி.

முறை எளிது. தரையில் இரண்டு இரும்பு முளைகள். ஒன்றின் மேல் கமெராவை நிறுத்த வேண்டும். மற்றதன் அருகில் ஓர் ஆள், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய அளவுகோலைப் பிடித்து நிற்க வேண்டும். அதே இடம், அதே திசை, அதே பருவம். செடி வளர்ந்ததா, தேய்ந்ததா என்று பிறகு பட்டைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கான கையேட்டை எழுதியவன் நான்தான். அளவுகோலின் அடி தரையைத் தொட வேண்டும், தரைக்குள் போகக் கூடாது. அதில் யாரும் சாயக் கூடாது. படத்தில் ஒருவருக்கு மேல் நிற்கக் கூடாது. பதினெட்டுப் பக்கம். நான் உட்பட யாரும் இரண்டாம் தடவை வாசித்ததில்லை.

முதல் ஆண்டே உதவியாளருக்கான பணத்தை, நான் வேலை பார்த்த அரசுத் திணைக்களம் வெட்டிவிட்டது. ஆகவே என் மனைவி அளவுகோலைப் பிடித்தார். காப்புறுதிக்காக அவரைத் தொண்டராகப் பதிவுசெய்ய எடுத்த காலத்தில் சிட்னியிலிருந்து அங்கே பலமுறை போய்வந்திருக்கலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் அவர்தான். படங்களை வரிசையாக வைத்தால் செடிகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. முளைக்கு வலப்புறம் நின்ற புளூபுஷ், எங்கள் இருவர் வயதையும் கூட்டினாலும் அதைவிட மூத்ததாக இருக்கும், இத்தனை காலத்தில் ஒரு பட்டை உயரம்கூட வளரவில்லை. மாறியது பிடித்து நின்றவர்தான். நீண்ட பின்னல் கட்டையாயிற்று, பிறகு நரைத்தது, கண்ணாடி வந்தது, முதுகு சற்று வளைந்தது. கையேட்டில் அதைக் குறித்துக்கொள்ள இடம் இல்லை.

நான் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தைத் திணைக்களம் "தற்காலிகமாக நிறுத்தியது". மரணச் சான்றிதழ் கொடுக்காமல் புதைப்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் போவதை நிறுத்தவில்லை. படத்தை அனுப்புவேன். பதில் மின்னஞ்சலில் ஓர் இயந்திரம் நன்றி சொல்லும்.

இந்த ஆண்டு போவதாக நான் நினைக்கவில்லை. மனைவிக்குப் பார்க்கின்சன் நோய் முற்றிவிட்டது. கை நடுக்கத்தோடு கால்களும் பேச்சுக் கேட்பதில்லை. அடுத்த மாதம் முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் உறுதியாகியிருந்தது. அந்தக் கடிதம் வந்த அன்று சொன்னார்:

"ஒருக்கா அங்க போட்டு வருவம். இந்த வருசப் படத்துக்கும் நான்தான் நிப்பன். பிறகு என்னை எங்க வேணுமெண்டாலும் கொண்டுபோய் வையுங்கோ."

மகள் வேறு மாநிலத்தில் உள்ள டார்னெய்ட்டிலிருந்து பறந்து வந்தாள், கார் ஓட்டுவதற்கு. "ஆர் யூ சீரியஸ், அப்பா?" என்று சிட்னிப் புறநகரான பாராமட்டாவைத் தாண்டும் வரை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

அந்த இடத்தில், மனைவி பிடித்து நடக்கும் கைப்பிடி வண்டியின் சக்கரங்கள் உப்புப் பொருக்கை உடைத்துக்கொண்டு புதைந்தன. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மனைவியை முளைவரை நடத்திப் போனோம். போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் பார்த்தது செடியை.

"இது செத்துப்போச்சு."

மூத்த புளூபுஷ். இலை ஒன்றுகூட இல்லை. ஒரு குச்சியை ஒடித்தேன். உள்ளே பச்சை இல்லை.

"அப்பிடி உடன சொல்லேலாது. மழைக்குப் பிறகு வந்து துளிர் இருக்கோ எண்டு பாக்கவேணும். அதுதான் முறை."

"ஆர் வந்து பாக்கிறது?" என்றார்.

நான் கமெராவைப் பொருத்தப் போனேன். மகள் தாயின் தோளை விடவில்லை.

"அம்மா, நான் பின்னால நிண்டு பிடிக்கிறன்."

"படத்தில ரெண்டு பேர் வரக் கூடாது. உன்ர அப்பா எழுதி வச்சிருக்கிறார்."

"அப்ப செடிக்குப் பின்னால குந்திக்கொண்டு பிடிக்கிறன்."

மனைவி நாலாபுறமும் பார்த்தார். "எந்தச் செடிக்குப் பின்னால?"

கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு பூனையை மறைக்கப் போதுமான செடி இல்லை. அந்த நிலத்தில் யாருக்கும் தெரியாமல் யாரையும் தாங்கிப் பிடிக்க முடியாது. நான் அங்கிருந்தபடியே சத்தமாகச் சொன்னேன்:

"ஏலாட்டி விடும். தடியைத் தனிய நட்டுப்போட்டும் எடுக்கலாம். விதியில இடமிருக்கு."

"அப்ப இவ்வளவு வருசமும் என்னை ஏன் வெய்யிலுக்கை நிப்பாட்டினனீங்கள்?"

மகள் சிரித்துவிட்டாள்.

"நீ தள்ளிப் போ பிள்ளை," என்றார் மனைவி. "விழுந்தா வந்து தூக்கு. விழ முதல் வராதை."

மகள் படத்தின் எல்லைக்கு வெளியே போய், ஓட்டப் பந்தயத்துக்கு நிற்பவள்போல ஒரு காலை முன்வைத்து நின்றாள். நான் குனிந்து பார்த்தேன். மனைவி இரண்டு கைகளாலும் அளவுகோலைப் பிடித்திருந்தார். கைகள் நடுங்கின. கோலும் நடுங்கியது. முழங்கால்கள் மடியத் தொடங்கின. அவர் முழுப் பாரத்தையும் கோலில் போட்டார். பொருக்கு உடைந்தது. அடியில் மாவுபோல இருக்கும் உப்பு மண்ணுக்குள் கோல் மெல்ல இறங்கியது. கீழ்ப்பட்டை ஒன்று, சிவப்பு, முழுவதும் மறைந்தது. அங்கே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். கோல் நின்றது. அவரும் நின்றார். முகத்தை உயர்த்தி நேரே கமெராவைப் பார்த்தார்.

வேறொருவர் அப்படிப் பிடித்திருந்தால் வேலையை நிறுத்தி, கோலைப் பிடுங்கி, மறுபடி வைக்கச் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன், மற்ற இடங்களில் பலரிடம், மரியாதை இல்லாமல். அன்று பொத்தானை அழுத்தினேன். மகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மனைவி பின் இருக்கையில் தூங்கினார். செருப்பிலிருந்து உதிர்ந்த உப்பு மண் காரின் விரிப்பெல்லாம் கிடந்தது.

இப்போது அவர் இல்லத்தில் இருக்கிறார். சுத்தமான இடம். எல்லாவற்றுக்கும் முறை உண்டு, சாப்பாட்டுக்கு, குளிப்புக்கு, பார்க்க வருகிறவர் கை கழுவுவதற்கு. ஒன்றிலும் என்னால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே எரிச்சலாக இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனேன். உச்சி வெயிலில் கமெரா இமைப்பொழுதில் பிடித்துவிட்டதால் நடுக்கம் எதுவும் பதியவில்லை. கல்லில் செதுக்கியதுபோல நிற்கிறார். அவர் படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தடி மண்ணுக்கை தாண்டுபோச்செல்லே?"

"கொஞ்சம்."

"ஒரு பட்டை. உங்களுக்குக் கீழ வேலை செய்த பெடியள் இப்பிடி எடுத்துக்கொண்டு வந்தா கிழிச்செறிஞ்சிருப்பியள்."

"ஓம். எறிஞ்சிருப்பன்."

"அப்ப இது கணக்கில சேராது?"

அவர் கை படத்தின் ஓரத்தில் படபடத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் என் கையை வைத்தேன்.

"சேரும்," என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. அளவுகோலை அவ்வளவு காலம் பிடித்தவரை அதில் ஏமாற்ற முடியாது. ஆனால் படத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

வீட்டுக்கு வந்து இன்னொரு பிரதியைத் திணைக்களத்துக்கு அனுப்பினேன். அளவுகோல் புதைந்திருந்தால் திருத்தக் குறிப்பு ஒன்று சேர்க்க வேண்டும். கையேட்டின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. சேர்க்கவில்லை. பட்டைகளை மேலிருந்து எண்ணிப் பார்க்கும் யாருக்கும், அந்த நிலத்தில் இத்தனை காலம் அசையாமல் நின்ற செடிகள் எல்லாம், செத்ததும் சேர்த்து, இந்த ஆண்டு ஒரு பட்டை வளர்ந்திருப்பதாகத் தெரியும். எண்ணப்போகிறவர் யாரும் இல்லை. இயந்திரம் நன்றி சொல்லிவிட்டது.