சேலம் – தூத்துக்குடி: இல்லாத விமானத்தின் ஐம்பத்தைந்து நிமிடம்

சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் போக நினைப்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம், வீடு பம்மலில். போன மழைக்காலத்தில் சரக்குப் பார்க்கச் சேலம் போய் லாட்ஜில் தங்கியிருந்தேன். காலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து மனைவி ஸ்டெல்லா கூப்பிட்டாள். தூத்துக்குடியில் அவளுடைய அண்ணன் இறந்துவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அடக்கம் அன்று மாலையே, ஐந்தரைக்கு.

"இங்கேருந்து ஏழரை ஃப்ளைட்ல ஒரு சீட்டு இருக்காம். நான் போயிடட்டுமாங்க?"

"நீ ஃப்ளைட்ல ஏறினதே இல்ல, தனியா போய் என்ன பண்ணுவ? இரு, பாத்துச் சொல்றேன்."

பார்த்தேன். ஓர் இணையதளம் தூரம் 340 கி.மீ., பறக்கும் நேரம் 55 நிமிடம் என்றது. சாலையில் சுமார் 370 கி.மீ., ஆறரை மணி நேரம். டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் அப்படி ஒரு விமானமே கிடையாது என்று தெரிந்தது. வரைபடத்தில் கோடு போட்டு, வேகத்தால் வகுத்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். சென்னை வழியாகத்தான் போக வேண்டும்: வடகிழக்கே 265 கி.மீ. வந்து, பிறகு தெற்கே 530.

லாட்ஜ் வாசலில் நின்ற கார் டிரைவர் சொன்னார்: "இப்ப ஏறுனீங்கன்னா பன்னண்டுக்கு வீட்டு வாசல்ல எறக்கிடுறேன் சார். பிளேனு எதுக்கு?"

நான் கேட்கவில்லை. சென்னைக்கு ஒரு மணி நேரமும் அங்கிருந்து ஒன்றரை மணி நேரமும் சேர்த்தால் இரண்டரைதானே என்று கூட்டினேன். 12.50 விமானம் 2,850 ரூபாய். மீனம்பாக்கத்தில் ஸ்டெல்லாவைச் சேர்த்துக்கொண்டு 3.05 விமானம், ஆளுக்கு 5,400. அந்த இரண்டு டிக்கெட்டும் என் போனில்; அதைக் காட்டாமல் அவள் உள்ளே போக முடியாது.

சேலத்தில் விமானம் வரவே தாமதம். பதினைந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அவளிடம், "வந்துடுவேன், வெளி கேட்லயே நில்லு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சென்னையில் இறங்கியபோது மணி 2.40. வெளியே வந்து மறுபடி உள்ளே போவதற்குள் கவுன்டரை அடைத்துவிட்டார்கள். அடுத்தது 5.10-க்கு. பயனில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்றேன், விமான நிலைய வாசல் பெஞ்சிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. ஐந்தரைக்கு அண்ணன் மகன் வீடியோ காலில் வந்தான். பெட்டியை மூடும்வரை அவள் அண்ணனின் முகத்தை ஆறு அங்குலத் திரையில் பார்த்தாள். நடுவில் இரண்டு முறை படம் நின்றது.

பம்மலுக்கு ஆட்டோ 250 ரூபாய். டிரைவர் கண்ணாடியில் பார்த்தபடி கேட்டார்: "இன்னாக்கா, எந்த ஊருக்குப் போயிட்டு வர்றீங்கோ?"

"எங்கயும் போகலப்பா" என்றாள் ஸ்டெல்லா.

இனி உங்களுக்கு. சின்ன விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் நேரமும் சொல்லும் பக்கங்களை நம்பாதீர்கள், விமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகளுக்கு நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள். அவரவர் டிக்கெட் அவரவர் போனில் இருக்கட்டும். ஒரே ஒரு சீட்டுதான் இருக்கிறதென்றால், யார் போயே ஆக வேண்டுமோ அவரை ஏற்றிவிடுங்கள். நான் காரிலும் அவள் காலை விமானத்திலும் போயிருந்தால் இருவருமே மதியத்துக்குள் அங்கே இருந்திருப்போம்.

முப்பதாம் நாள் பூசைக்கு அவள் தாம்பரத்தில் ரயில் ஏறித் தனியாகப் போனாள். டிக்கெட் எடுத்ததை என்னிடம் சொல்லவில்லை.