நாட்டுக் கன்னு, குட்டைக் கன்னு

உடுமலைப்பேட்டையிலிருந்து தளி போகிற ரோட்டில் திருமூர்த்தியின் தென்னை நாற்றுப்பண்ணை இருக்கிறது. பண்ணை என்று போர்டில் எழுதியிருப்பது கொஞ்சம் கூடுதல்தான். ஒன்றரை ஏக்கர், ஒரு போர்வெல், பச்சை வலை கட்டிய ஒரு பந்தல், அவ்வளவே. வயது நாற்பத்தெட்டு. முன்பு பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் ஓட்டியவர், பன்னிரண்டு வருடமாகக் கன்று விற்கிறார். யாரோடும் சண்டை போட்டார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. பேருந்தில் தன் காலை மிதித்தவனிடமே, "பரவால்லீங்க, நாந்தானுங்க காலை நீட்டி வெச்சிருந்தேன்" என்று சொல்லுகிற ஆள்.

மூன்று வருடமாக அவர் பிழைப்பு போனில்தான் நடந்தது. கன்றைப் படம் பிடிப்பார், நாலு வரி எழுதுவார், காசு கட்டி நெட்டில் விளம்பரமாக விடுவார். பாலக்காட்டிலிருந்தும் தேனியிலிருந்தும் வண்டி பிடித்து வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். தமிழைத் தமிழில் அடிக்க அவருக்குப் பொறுமை இல்லை. ஆங்கில எழுத்திலேயே தமிழ் அடிப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வைகாசி மாதம் ஒரு காலை, போனைத் திறந்தால் விளம்பரம் எதுவும் ஓடவில்லை. நல்ல தமிழில் ஒரு செய்தி மட்டும் இருந்தது: "எங்கள் சமூகத் தரநிலைகளை மீறியதால் உங்கள் விளம்பரக் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது."

பந்தலில் மூவாயிரம் கன்று கறுப்புப் பையில் நின்றது. ஆடி முடிவதற்குள் அவை போயாக வேண்டும். தாமதித்தால் வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரையில் இறங்கிவிடும். பிறகு பிடுங்கினால் வேர் அறுந்து, நட்ட இடத்தில் பட்டுப்போகும். ஒரு வருட உழைப்பு அது.

ஆனால் அவரை அதைவிட அதிகமாகக் குழப்பியது 'சமூகம்' என்ற சொல். நம் ஊரில் சமூகம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகை முதல் கட்சிக் கூட்டம் வரை ஒரே அர்த்தம்தான்.

"எங்கள் சமூகம்னா, அவிய எந்தச் சமூகமுங்க?" என்று கேட்டாள் மனைவி கருப்பாத்தாள்.

"அதைத்தான் அம்மணி நானும் ரோசனை பண்றேன்."

இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்றில், 'குட்டைக் கன்னு நட்டால் மரம் ஏற ஆள் தேடி அலைய வேண்டாம்' என்று இருந்தது. கருப்பாத்தாள் விரலை அதன்மேல் வைத்தாள். மரம் ஏறுகிறவர்கள் மனசு புண்பட்டிருக்கும், யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். திருமூர்த்தி உடனே வண்டியை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தேங்காய் போடுகிற ரூபன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

ரூபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எனக்கென்னுங்க சங்கடம்? முழங்கால் வலிக்குதுங்க. எல்லாரும் குட்டையே நட்டாத் தேவலீங்க" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினான்.

அப்படியானால் வேறு எந்தச் சமூகம்? ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துத் திருமூர்த்திக்குத் தலை சுற்றியது. எதுவாக இருந்தாலும் பணிந்து போய்விடுவது நல்லது என்று முடிவு செய்தார். மேல்முறையீட்டுக்கு ஒரு பெட்டி இருந்தது. அதில் தன் பாணியிலேயே, ஆங்கில எழுத்தில் அடித்தார்:

'ஐயா வணக்கமுங்க. தெரியாம தப்பு நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க. பன்னெண்டு வருசமா கன்னு வித்துத்தான் குடும்பம் ஓடுது. வித்தியாசம் பாக்காம எல்லாச் சமூகத்துக்கும் கன்னு குடுத்திருக்கறேன். நீங்க எந்தச் சமூகம்னாலும் சரி, அட்ரஸ் சொல்லுங்க, நல்ல கன்னா நாலு எடுத்துக்கிட்டு உங்க ஊட்டுக்கே நேர்ல வாரேன்.'

நாலே நிமிடத்தில் பதில் வந்தது. கவனமாகப் பரிசீலித்தார்களாம், முடிவு இறுதியாம், இனி மேல்முறையீடு கிடையாதாம். நாலு நிமிடத்தில் என்னத்தைக் கவனித்தார்கள் என்று கேட்கக்கூட ஒரு போன் நம்பர் இல்லை.

மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற இல்யாஸிடம் போனார். ஆன்லைன் வேலை என்றால் ஊரே அவனிடம்தான் போகும். இல்யாஸ் விளம்பரத்தைப் படித்தான். அடுத்து மேல்முறையீட்டைப் படித்தான். படித்துவிட்டு எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினான்.

"அண்ணா, கன்னுன்னு எப்படி அடிச்சீங்க?"

"ஜி, யு, என். நான் ஜி-ல ஆரம்பிச்சு நீளமாத்தான் அடிச்சேன் தம்பி. போனே அப்படிச் சுருக்கி மாத்திக் காட்டுச்சு. சின்னதா, நல்லாத்தான இருக்குதுன்னு உட்டுட்டேன்."

"அது இங்கிலீசுல துப்பாக்கிங்ணா."

இல்யாஸ் விளம்பரத்தை விரல் வைத்து மறுபடி வாசித்தான். "நாட்டுத் துப்பாக்கி. குட்டைத் துப்பாக்கி. ஒரு வருசத் துப்பாக்கி. மொத்தமா எடுத்தா டோர் டெலிவரி." அதற்கு மேல் முடியாமல் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். மேல்முறையீட்டின் கடைசி வரிக்கு வந்தபோது அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

திருமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. "போட்டோல தென்னங்கன்னுதான தம்பி நிக்குது? பாத்தாத் தெரியாதா?"

"பாக்கறதுக்கு அங்க ஆள் இருந்தாத்தானுங்ணா. எல்லாம் மெசினு."

"ஆபீஸ் எங்க இருக்குது, சொல்லு. ஒரு கன்னைத் தூக்கிட்டுப் போயிக் காட்டிப்போட்டு வந்தர்றேன்."

இல்யாஸ் மறுபடி சிரிக்க ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவர் நிஜமாகத்தான் கேட்டார். வாழ்க்கையில் எந்தத் தகராறு வந்தாலும் அந்த வீட்டுக்குப் போய், தண்ணி வாங்கிக் குடித்து, உட்கார்ந்து பேசித் தீர்த்தவர் அவர். உட்கார ஒரு இடமே இல்லாத தகராறு இதுதான் முதல் தடவை.

கருப்பாத்தாள் பெயரில், அவள் போனிலேயே புதுக் கணக்கு தொடங்கிக் கொடுத்தான் இல்யாஸ். இந்த முறை தமிழ் எழுத்திலேயே 'தென்னங்கன்று' என்று போட்டான். விளம்பரத்தில் கொடுத்த பண்ணை போன் நம்பர் மட்டும் பழையதுதான். ஒரு மணி நேரத்தில் அதையும் மூடிவிட்டார்கள். ஏற்கெனவே முடக்கப்பட்ட கணக்கோடு தொடர்பு உள்ளவராம்.

"உங்களைக் கட்டிக்கிட்டது அவியளுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்றாள் கருப்பாத்தாள். அவள் குரலில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது.

அந்தப் பயம் திருமூர்த்தியையும் தொற்றிக்கொண்டது. துப்பாக்கி வியாபாரி என்று எங்கோ தன் பெயர் ஏறியிருக்கிறதே, போலீஸ் வருமா, பேங்கில் கேட்பார்களா? யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தார்.

ஆடி பிறந்தது. பந்தலின் கிழக்கு வரிசையில் ஒரு பையைத் தூக்கினார். அடியில் பட்பட்டென்று வேர் அறுந்தது. இனி நாள் கடத்த முடியாது. நல்ல கன்றாக நூறு பொறுக்கி டெம்போவில் ஏற்றிச் சந்தைக்குப் போனார். பன்னிரண்டு வருடத்தில் சந்தைத் தரையில் அவர் கடை விரித்ததில்லை.

பத்து மணிக்குள் மூன்று பேர் வந்து, சில கன்றுகளை வாங்கிக்கொண்டு போனார்கள். நாலாவதாக ஒரு பெரிய விவசாயி வந்தார். ஐந்து ஏக்கர் புதிதாக வைக்கிறாராம், முந்நூறுக்கு மேல் வேண்டுமாம். கன்றைத் திருப்பிப் பார்த்தார், வேருக்கு மேலே கழுத்தின் பருமனைப் பிடித்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். சந்தையே கேட்கிற குரலில் கேட்டார்:

"ஏனுங்க, இது நாட்டுக் கன்னுதானுங்களே? ஊட்டுல இன்னும் எத்தனை கன்னு இருக்குது?"

திருமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் சந்தை வரி வசூலிக்கிறவர் காக்கிச் சட்டையில் நின்றார்.

"சத்தம் போடாதீங்க," என்றார் மெதுவாக. "தென்னம்பிள்ளைன்னு சொல்லுங்க. ஊட்டுல இருக்குது, அப்பறமாச் சொல்றேன்."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த கன்றைக் கீழே வைத்தார்.

"தென்னங்கன்னைத் தென்னங்கன்னுன்னு சொல்ல எதுக்குங்க பயம்? எங்கீங்க திருடிட்டு வந்தீங்க?"

பதிலுக்கு நிற்காமல் நாலு கடை தள்ளிப் போய், அங்கே குனிந்து விலை கேட்டார். கூப்பிட்டு விளக்க வேண்டும் என்று திருமூர்த்தி வாயைத் திறந்தார். எங்கிருந்து தொடங்குவது, எந்தச் சொல்லைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. பெரியவர் அந்தக் கடையில் பணம் எண்ணிக் கொடுத்து, வண்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னார்.