இந்தியா ஜெயிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட காலை

பாப்பா, தம்பி,

இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். போன வாரம் டிவியில் மேட்ச் ஓடும்போது, "யாருப்பா ஜெயிப்பா, சொல்லு" என்று தம்பி கேட்டான். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். "அப்பாவுக்கு கிரிக்கெட்டே தெரியாதுடா" என்று பாப்பா சிரித்தது என் காதில் விழுந்தது. தெரியாதுதான். ஆனால் ஒரே ஒரு முறை, யாரும் சொல்லாததை நான் சொல்லி, அது அப்படியே நடந்தது. அதோடு ஆரூடம் சொல்வதையே விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்தத் தொடரின் கடைசி நாள் காலையில், இந்தியா ஜெயிக்கக் கூடாது என்று உங்கள் அப்பாவாகிய நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

ஐடிஐ படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் டிரெயினி. கார் கதவைச் சுற்றி வருமே கறுப்பு ரப்பர் பட்டை, அதைச் செய்யும் லைன். லைனில் ஆறு பேர். யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், ஊர்ப் பேர்தான். நான் வள்ளியூர். என் எதிர் மெஷினில் வாலாஜாபாத், வாய் ஓயாதவர். எங்கள் எல்லாருக்கும் மூத்தவர் பக்கத்துக் கிராமத்துக்காரர், சேரப்பணஞ்சேரி அண்ணன். மற்ற மூன்று பேரும் மதுரைக்குத் தெற்கே.

பொங்கலன்று கம்பெனிக்கு விடுமுறை உண்டு. ஆனால் ஒரே நாளில் வள்ளியூர் போய்த் திரும்ப முடியுமா? முன்னும் பின்னும் சேர்த்து நான்கு நாள் லீவு வேண்டும். அந்த நான்கு நாள், லைனுக்கு ஒரே ஆளுக்குத்தான். "யாருன்னு நீங்களே பேசி ஒரு பேர் குடுங்க, எங்கிட்ட வராதீங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிடுவார். முந்தின வருஷம் அப்படிப் பேசப் போய்ப் பெரிய சண்டையாகிவிட்டதாம். ஒருவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாராம். இன்னொருவர் தன் அப்பாவுக்கு அதைவிட மோசம் என்றாராம். யார் வீட்டு நோய் பெரியது என்று பேசிப் பேசி, இரண்டு பேரும் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இப்பிடியே போனா அடுத்த வருஷம் எவனாவது செத்தாத்தான் லீவுன்னு ஆயிடும்" என்றார் வாலாஜாபாத்.

அதற்கு சேரப்பணஞ்சேரி அண்ணன்தான் வழி சொன்னார். "இனிமே காரணமே பேசாத. எவன் வூட்டுக் கஷ்டமும் இன்னொருத்தன் வூட்டுக் கஷ்டத்துக்குச் சின்னதில்ல. ஆஸ்திரேலியால டெஸ்ட் ஆடப் போறானுங்கல்ல, நாலு மேட்ச்? அது எப்பிடி முடியும்னு ஆளுக்கு ஒண்ணு எழுது. எவன் எழுதுனது நடக்குதோ அவன் போட்டும். எவனாவது நடுவுல காரணம் சொன்னான், சூப்பர்வைசராண்ட தனியாப் போயி அழுதான், அவன் சீட்டு செல்லாது."

அது இரண்டாயிரத்து மூன்று டிசம்பர். லைனில் மஞ்சள் அட்டை ஒன்று இருக்கும். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று சந்தேகம் வந்தால் அதில் மஞ்சள் அட்டையைக் கட்டித் தனியே வைப்போம். கெட்டதென்று தெரிந்தால் சிவப்பு, தேறிவிட்டால் பச்சை. எங்கள் ஆரூடத்தை மஞ்சள் அட்டையில் எழுதி, டூல்ஸ் அலமாரிக் கதவின் உள்பக்கம் வரிசையாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதக் கூடாது.

மெஷினை நிறுத்த முடியாததால் நான் கடைசியாகத்தான் போனேன். அதற்குள் ஆஸ்திரேலியா நாலுக்கு பூஜ்யம், மூன்றுக்கு பூஜ்யம், மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு பூஜ்யம் எல்லாம் கட்டியாகிவிட்டது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் போய் ஆஸ்திரேலியாவை யாரும் ஜெயிக்க முடியாது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சேரப்பணஞ்சேரி அண்ணன் மட்டும் இந்தியா இரண்டுக்கு ஒன்று என்று எழுதியிருந்தார். அவர் ஒருவர்தான் நிஜமாக கிரிக்கெட் பார்த்தவர். நான் எங்கள் ஊரில் வாலிபால் ஆடியவன். மிச்சமிருப்பதில் எதையாவது எழுதுவோம் என்று, ஆளுக்கு ஒன்று, தொடர் சமம் என்று எழுதிக் கட்டினேன்.

"யோவ் வள்ளியூரு, பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்தா பண்ற? ஆளுக்கு ஒண்ணாம்!" என்று வாலாஜாபாத் சத்தமாகச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஒரு காரணம் இருந்தது. பாப்பா, உன் அம்மா தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அந்த லைனுக்கு நான் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்ததால், எனக்குக் கல்யாணமானது தெரியுமே தவிர வேறெதுவும் அவர்களுக்குத் தெரியாது. புது மாடல் ஓடிக்கொண்டிருந்தது. பொங்கல் வரைக்கும் யாருக்கும் வேறு லீவே கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் போனால் டிரெயினிக்கு வேலை போய்விடும். உன்னைப் பார்க்க எனக்கு இருந்த ஒரே வழி அந்த மஞ்சள் அட்டைதான்.

முதல் மேட்ச் டிரா. நாலுக்கு பூஜ்யமும் மூன்றுக்கு ஒன்றும் அன்றைக்கே செத்தன. வாலாஜாபாத் தன் அட்டையின் மேல் தானே சிவப்பைக் கட்டிக்கொண்டு, "நல்லடக்கம்" என்றார். இரண்டாவது மேட்ச் அடிலெய்டில். அங்கே இந்தியா ஜெயித்துவிட்டது! கேண்டீனில் ஒரே கூத்து. கூத்து முடிந்து அலமாரியைத் திறந்து பார்த்தால், இன்னும் இரண்டு அட்டைக்குச் சிவப்பு. மிச்சம் இரண்டு பேர். அண்ணனும் நானும்.

அப்போதுதான் இந்த ஆரூடத்தில் இருக்கிற விஷம் எனக்குத் தெரிந்தது. இரண்டுக்கு ஒன்று என்று எழுதிய அண்ணனுக்கு, இந்தியா ஒரு மேட்ச் தோற்றாக வேண்டும். எனக்கும் அப்படித்தான். மெல்போர்னில் மேட்ச் நடந்த அந்த ஐந்து நாளும் அண்ணனைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. இந்தியா ரன் அடித்தால் கை தட்டுவார், தட்டிவிட்டு அலமாரியைப் பார்ப்பார்.

இந்தியா தோற்றது. அன்று காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு வெளியே வந்து வழக்கம்போல எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஊருக்குப் போன் போட்டேன். உங்கள் மாமா எடுத்தான்.

"அத்தான், காலையிலயே பிறந்துட்டு. பொம்பளப் பிள்ள. அக்கா நல்லாருக்கா."

"யாரு மாதிரி இருக்கு?"

"அது கண்ணே தொறக்கல அத்தான். அழுதா மட்டும் உங்க குரலு."

பூத்துக்குப் பக்கத்துக் கடையில் ஜாங்கிரி வாங்கினேன். வாங்கிய பிறகுதான், லைனில் யாருக்கும் கொடுக்க முடியாதே என்று உறைத்தது. ஜாங்கிரியைக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் அட்டை செல்லாது. வாலாஜாபாத் போகிற பஸ்ஸுக்காக ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத அவர்களிடம் பொட்டலத்தை நீட்டினேன். கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "இன்னாபா விசேஷம்?" என்றார். "பொண்ணு பிறந்திருக்கும்மா" என்றேன். பாப்பா, நீ பிறந்ததை நான் முதலில் சொன்னது, இன்றுவரை பேர் தெரியாத அந்த அம்மாவிடம்தான். ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு, பாகு ஒட்டாத கையால் என் தலையைத் தொட்டார்.

மறுநாள் லைனே துக்க வீடு மாதிரி இருந்தது. நான் என்னவோ நினைவில் நின்றிருக்கிறேன்.

"டேய், இவன பாரு. நாடே தோத்துட்டு உக்காந்துகினு கீது, இவன் பல்ல காட்டிகினு நிக்கிறான்" என்றார் வாலாஜாபாத்.

"அவன் சீட்டு இன்னும் உசுரோட கீதுல்ல, சிரிக்கட்டும் வுடு" என்றார் அண்ணன். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

கடைசி மேட்ச் சிட்னியில். இந்தியா ஜெயித்தால் அண்ணன். டிரா ஆனால் நான். ஆஸ்திரேலியா ஜெயித்தால் யாருமில்லை. கடைசி நாளன்று எங்களுக்கு மதிய ஷிப்ட். ஒரு மணிக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ் வரும். அங்கே டிவி வைத்திருந்த டீக்கடையில் லைன் மொத்தமும் காலையிலேயே கூடிவிட்டது. இந்தியா மலை மாதிரி ரன் குவித்திருந்தது. அன்றைக்குள் ஆஸ்திரேலியாவை முழுக்க ஆட்டமிழக்கச் செய்தால் தொடரே நமக்கு. ஆஸ்திரேலியாவில் போய்த் தொடரை ஜெயிப்பதென்றால், அதுவரை நம் ஆட்கள் செய்யாத காரியம். கடையில் இருந்த அத்தனை பேரும், பால் ஊற்ற வந்தவர் உட்பட, அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார்கள். 

நான் பின்பக்கம், சிலிண்டர் ஓரமாக நின்றுகொண்டேன். நான்கு விக்கெட் விழுந்தபோது கடை எழுந்து நின்று கத்தியது. நான் மட்டும் இன்னும் எத்தனை ஓவர் மிச்சம் என்று பார்த்தேன். பிறகு அவர்களுடைய கேப்டன் உள்ளே வந்தார். அவருக்கு அதுதான் கடைசி டெஸ்ட்டாம். அவரும் இன்னொருவரும் நின்றார்கள், நின்றார்கள், அப்படி நின்றார்கள். பந்து காலில் பட்டால் கடை "அவுட்டு!" என்று கூவும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். நம் கீப்பர் ஒரு ஸ்டம்பிங்கைத் தவறவிட்டார். எல்லாரும் "சே!" என்று தலையில் அடித்துக்கொண்ட அதே நொடியில் எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அது எனக்கே கேட்டது. முன் பெஞ்சிலிருந்த அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

சாமி, இந்த மனுஷனை மட்டும் நிற்க வை என்று வேண்டிக்கொண்டேன். எங்கேயோ இருக்கிற ஒரு வெள்ளைக்காரருக்காக, எங்கள் ஊர் அம்மனிடம். வெட்கமாகத்தான் இருந்தது. சுற்றிலும் நிற்பது என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிற ஆட்கள். அவர்களுடைய ஆசை கெட்டுப்போனால்தான் நான் உன்னைப் பார்க்க முடியும் என்றால், நான் எந்தப் பக்கம் நிற்பது? யோசித்துப் பார்த்தேன். பாப்பா, உன் பக்கம்தான் நின்றேன்.

கடைசியில் அவரும் அவுட் ஆனார். கடையே எகிறிக் குதித்தது. ஆனால் அதற்குள் ஓவர்கள் தீரும் நேரம் வந்துவிட்டது. மேட்ச் டிரா. தொடர் ஆளுக்கு ஒன்று. கடைக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெசத்த சொல்லு. நீ அவுனுங்களுக்காக வேண்டிகினு இருந்தல்ல?"

"ஆமாண்ணே."

"அடப்பாவி. இன்னாத்துக்கு?"

ஆட்டம் முடிந்துவிட்டது; இனி சொன்னால் தப்பில்லை. "எனக்குப் பொம்பளப் பிள்ள பிறந்திருக்குண்ணே. மெல்போர்ன்ல தோத்த அன்னிக்கு. நான் இன்னும் பாக்கல."

அண்ணன் எழுந்து நின்றார். பிறகு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேய், இங்க பாருங்கடா! இவுனுக்குக் கொழந்த பொறந்து ஒரு வாரம் ஆவுது. வாயத் தொறக்கல, திருட்டுப் பய!" என்று கத்தினார். எல்லாரும் என் முதுகில் போட்ட அடி இன்னும் நினைவிருக்கிறது.

"ஊருக்குப் போயி அந்தக் கொழந்தையாண்ட சொல்லு" என்றார் அண்ணன். "உன்ன பாக்கறதுக்கோசரம் உங்கப்பன் நாட்டையே வித்துட்டு வந்தான்னு."

"மெல்போர்ன்ல நீங்க பாதிய வித்துட்டீயளே அண்ணே. மீதியத்தான் நான் வித்தேன்."

வாலாஜாபாத் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

லைனுக்குப் போனதும் அண்ணனே பச்சை அட்டையை எடுத்து என் சட்டைப் பொத்தானில் கட்டிவிட்டார். அவருக்கும் நான்கு நாள் எதற்கோ வேண்டியிருந்திருக்கிறது. உள்ளூர்க்காரர், பொங்கலுக்கு வீட்டிலேயே இருக்கப் போகிறவர், ஒன்றுமில்லாமலா அந்த வரிசையில் அட்டை கட்டுவார்? அன்று டீ நேரத்தில் தனியாகக் கேட்டேன். "உங்க காரணம் என்னண்ணே?"

"காரணம் சொல்லக் கூடாதுன்னு ரூலு போட்டதே நான். நானே சொல்வனா? போ, போயி வேலய பாரு."

பிறகு ஐந்து வருஷம் கூட வேலை பார்த்தேன். அவர் சொல்லவே இல்லை. நான் காரணம் சொல்லி லீவு வாங்கவில்லை என்பது நிஜம். ஆனால் கடைசியில் என் காரணத்தை நான் சொன்னேன், அவர் சொல்லவில்லை. அதுதான் தம்பி, யார் ஜெயிப்பார்கள் என்று நீ கேட்டால் அப்பாவுக்கு வாய் வருவதில்லை. எங்கேயாவது யாராவது சொல்லாத காரணத்தோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றிவிடுகிறது.

லீவு தொடங்கிய அன்று ரூமில் மற்றவர்கள் காலை ஷிப்ட்டுக்குப் போயிருந்தார்கள். பை கட்டியாகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பின்பக்கத் தொட்டியடியில் குந்தி உட்கார்ந்து, பத்து நகத்தையும் ஒட்ட வெட்டினேன். ரப்பர்க் கரி சோப்புக்குப் போகாது. தேங்காயெண்ணெயில் உப்பைப் போட்டு, ரேகைக்குள் இருக்கிற கறுப்பெல்லாம் வெளியே வரும்வரை இரண்டு கையையும் தேய்த்துக் கழுவினேன். மோந்து பார்த்தேன். இன்னும் ரப்பர் வாசனை இருந்தது. மறுபடியும் எண்ணெயை ஊற்றிக்கொண்டு முதலிலிருந்து தேய்க்கத் தொடங்கினேன்.